சீனத் துறைமுகங்களில் நடந்த போட்டி யாருக்கு லாபம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் நாளிதழின் இணைப்பில் சீனத் துறைமுக நகரங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா, ஜெர்மனி, ரஷ்யா, ஜப்பான் எல்லாம் ஷாங்காயில் வந்து இறங்கிப் போட்டி போட்டதால்தான் அந்த ஊர் இன்று இந்த நிலைக்கு வந்திருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அதோடு விட்டிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். கடைசிப் பத்தியில், நம் கடற்கரையில் இருக்கும் சிறு துறைமுகங்களுக்கும் இதே வழிதான் நல்லது, பல நாட்டுக் கம்பெனிகளை ஒரே நேரத்தில் உள்ளே விட்டால் ஒருவரை ஒருவர் அடக்கி வைப்பார்கள், இடையில் நமக்கு லாபம் என்று முடித்திருந்தார்கள். அந்தப் பத்திக்குத்தான் இந்தப் பதில்.

நான் கடலூர் முதுநகரில் பிறந்து வளர்ந்தவன். கப்பல் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் கணக்கராகச் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றேன். எங்கள் ஊரில் பெரிய கப்பல் கரையோரம் வந்து கட்டாது. கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். தோணியில் சரக்கை இறக்கி, முகத்துவாரம் வழியாக உள்ளே இழுத்து வருவோம். கப்பல் கொண்டுவந்த சரக்குப் பட்டியல் ஒரு பக்கம், தோணிக்காரர் கணக்கு ஒரு பக்கம், சுங்கத்தில் கட்டிய தீர்வைச் சீட்டு ஒரு பக்கம். மூன்றும் ஒத்துப்போகும்வரை என் மேசையில் விளக்கு அணையாது. அதனால் எந்தத் துறைமுகத்தைப் பற்றிப் படித்தாலும் என் கண் முதலில் கட்டடங்கள் பக்கம் போவதில்லை. தீர்வை வீதத்தை யார் நிர்ணயித்தார், சுங்கத்தில் கையெழுத்துப் போட்டவர் யார், வசூலான பணம் எந்த வங்கிக்குப் போனது என்றுதான் தேடுவேன். சீனத் துறைமுகங்களை நான் அப்படித்தான் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன்.

முதலாம் அபினிப் போரில் பிரிட்டனிடம் சீனம் தோற்றது. 1842 ஆகஸ்ட் 29 அன்று நான்கிங் நகரத்துக்கு எதிரே யாங்சி ஆற்றில் நின்ற கார்ன்வாலிஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்தக் கப்பல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தில் கட்டியது. கான்டன் (இன்றைய குவாங்சோ), சியாமென், ஃபூச்சோ, நிங்போ, ஷாங்காய் ஆகிய 5 துறைமுகங்கள் பிரிட்டிஷ் வணிகர்களுக்குத் திறக்கப்பட்டன. உங்கள் கட்டுரை ஹாங்காங்கையும் இந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அது தவறு. ஹாங்காங் வணிகத்துக்குத் திறந்துவிட்ட துறைமுகம் அல்ல. பிரிட்டன் தனக்கென்று எழுதி வாங்கிக்கொண்ட தீவு. இதற்கெல்லாம் மேலே 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலர் தண்டத் தொகை. கான்டனில் 20,000 பெட்டிகளுக்கு மேல் அபினியைப் பறிமுதல் செய்து அழித்த லின் செஷூ என்ற அதிகாரியின் நடவடிக்கைக்குச் சீனம் கட்டிய விலையும் அதில் அடங்கியது.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம் அடுத்த ஆண்டு, 1843 அக்டோபரில், துணை ஒப்பந்தம் ஒன்றில் நடந்தது. இனிமேல் வேறு எந்த நாட்டுக்குச் சீனப் பேரரசர் எந்தச் சலுகை கொடுத்தாலும் அது பிரிட்டனுக்கும் கிடைக்கும் என்று ஒரு சரத்து அதில் சேர்ந்தது. 1844 ஜூலையில் அமெரிக்காவின் கேலப் குஷிங் மக்காவ் பக்கத்தில் வாங்சியாவில் ஓர் ஒப்பந்தம் போட்டார். அக்டோபரில் பிரான்சின் லாக்ரெனே வாம்போவாவில் ஒன்று போட்டார். இருவருமே அதே சரத்தைக் கேட்டு வாங்கினார்கள். குஷிங் இன்னும் இரண்டு காரியம் செய்தார். சீன மண்ணில் அமெரிக்கர் ஒருவர் குற்றம் செய்தால் அங்கிருக்கும் அமெரிக்கத் தூதரக அதிகாரியான கான்சலே விசாரிப்பார் என்பதை விரிவாக எழுதி வைத்தார். 12 ஆண்டுகளுக்குப் பிறகு ஒப்பந்தத்தைத் திருத்தலாம் என்றும் சேர்த்தார். பிரிட்டனின் நான்கிங் ஒப்பந்தத்தில் திருத்தத்துக்கே இடமில்லை. இருந்தும் 1854-இல், அமெரிக்கருக்குக் கொடுத்த 12 ஆண்டு விதி எங்களுக்கும் உண்டு என்று பிரிட்டன் வந்து நின்றது. அந்தத் திருத்தப் பேச்சு எங்கே போய் முடிந்தது? இரண்டாம் அபினிப் போரில். 1860-இல் பீகிங் அரண்மனைத் தோட்டங்கள் எரிந்தன. தியான்ஜின் முதல் ஹான்கோ வரை மேலும் பல துறைமுகங்கள் திறந்தன.

இதைக் கட்டுரையாளர் கவனித்திருக்க வேண்டும். முதுநகர் மீன் ஏலத்தில் வியாபாரிகள் ஒருவரை ஒருவர் முந்திக் கேட்டால் படகுக்காரருக்கு விலை ஏறும். ஒருவருக்குக் கொடுத்த விலைக்கே மற்ற எல்லாருக்கும் கொடுத்தாக வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கியிருந்தால் அங்கே யார் விலையை ஏற்றிக் கேட்பார்? சீனத் துறைமுகங்களில் இருந்த போட்டி அந்த வகை. ஒரு நாடு மிரட்டிப் பெற்றது அடுத்த நாளே எல்லா நாட்டுக்கும் உரிமையானது. போட்டியாளர்களின் அழுத்தம் ஒருவர் மேல் ஒருவர் விழவில்லை, மொத்தமும் சீனத்தின் மேல் விழுந்தது.

1895-இல் ஜப்பானிடம் தோற்ற சீனம் ஷிமோனோசெகியில் கையெழுத்திட்டபோது, திறந்த துறைமுகங்களில் ஜப்பானியர் தொழிற்சாலை கட்டலாம் என்று ஒத்துக்கொண்டது. போரில் ஒரு குண்டுகூடச் சுடாத பிரிட்டிஷ், அமெரிக்க, ஜெர்மன் முதலாளிகள் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஷாங்காயில் நூற்பாலை திறந்தார்கள். சீனர் நெய்து விற்ற துணிக்குப் பக்கத்திலேயே, சீனச் சட்டம் எட்டாத ஆலைகள்.

சீன அதிகாரிகள் இதைப் புரியாதவர்கள் அல்ல. எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுத்தால் ஒருவனை வைத்து இன்னொருவனை அடக்கலாம் என்பது அவர்களுடைய பழைய ராஜதந்திரம். உங்கள் கட்டுரையின் கடைசிப் பத்தியில் இருக்கும் யோசனையும் அதுதான். நூறாண்டு செய்து பார்த்துத் தோற்ற யோசனை அது.

இப்போது சுங்கத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

1853 செப்டம்பரில் ஷாங்காயின் சீன நகரத்தைச் சிறுவாள் சங்கம் என்ற கிளர்ச்சிக் கூட்டம் பிடித்தது. சுங்க அலுவலகம் செயலிழந்தது. கப்பல்கள் வருகின்றன, சரக்கு இறங்குகிறது, தீர்வை வாங்க ஆள் இல்லை. அடுத்த ஆண்டு ஜூலையில் பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸ் மூன்று நாட்டு கான்சல்களும் சீன அதிகாரியோடு பேசி, ஆளுக்கொருவராக மூன்று ஆய்வாளர்களை நியமித்துச் சுங்கத்தை நடத்தத் தொடங்கினார்கள். நெருக்கடிக்கு என்று செய்த ஏற்பாடு நிரந்தரமாகி, திறந்த துறைமுகங்கள் எல்லாவற்றுக்கும் பரவியது. 1863-இல் ராபர்ட் ஹார்ட் என்பவர் தலைமை ஆய்வாளராக வந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு அந்தப் பதவியில் இருந்தார். உயர் பதவிகள் வெளிநாட்டார் கையில். 1898-இல், சீன வாணிபத்தில் பிரிட்டனின் பங்கு முதலிடத்தில் இருக்கும்வரை தலைமை ஆய்வாளர் பிரிட்டிஷ்காரராகவே இருப்பார் என்று சீன அரசிடம் உறுதி வாங்கினார்கள். அந்தப் பதவியின் மேல் மற்ற நாடுகளுக்கும் கண் இருந்ததால்தான் அந்த உறுதி தேவைப்பட்டது.

ஹார்ட்டின் நிர்வாகம் நேர்மையானது, கணக்கு சுத்தம், அதில் சந்தேகமில்லை. கடற்கரை முழுக்கக் கலங்கரை விளக்கம் கட்டினார்கள், மிதவைகள் போட்டார்கள், அஞ்சல் துறைக்கு அடித்தளம் போட்டார்கள். இரவில் கடலைப் பார்த்து நின்று தோணிக்குக் காத்திருந்தவன் என்ற முறையில் அந்த விளக்குகளுக்கு நான் மரியாதை செலுத்துகிறேன். ஆனால் கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், தீர்வை வீதம் ஏறக்குறைய 5 சதவீதம் என்று ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டிருந்தது. சீன அரசு நினைத்தாலும் ஒரு சதவீதம் ஏற்ற முடியாது. எல்லா ஒப்பந்த நாடுகளும் சம்மதிக்க வேண்டும். ஆறு பேர் ஒத்துக்கொண்டு ஒருவர் மறுத்தால் அவ்வளவுதான். இத்தனை பேர் போட்டியாளர்களாக இருந்ததே தீர்வை ஏறாமல் பார்த்துக்கொண்டது. தன் தீர்வையைத் தானே நிர்ணயிக்கும் உரிமையைச் சீனம் திரும்பப் பெற்று, புதிய வீதங்களை நடைமுறைக்குக் கொண்டுவந்தது 1929-இல்தான்.

உள்நாட்டுச் சாலைகளில் இன்னொன்று நடந்தது. சீன வியாபாரி தன் சரக்கை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோனால் வழியில் சாவடிக்குச் சாவடி லிகின் என்ற வரி கட்ட வேண்டும். வெளிநாட்டுச் சரக்குக்கு அது இல்லை. துறைமுகத்தில் இரண்டரை சதவீதம் ஒரே தடவையாகக் கட்டி ஒரு சீட்டு வாங்கினால் எல்லாச் சாவடியும் வழிவிடும். விளைவு என்ன? சீன வியாபாரிகள் தங்கள் சரக்கை வெளிநாட்டார் பெயரில் எழுதி அனுப்பத் தொடங்கினார்கள். பெயரைக் கடன் கொடுத்தே சம்பாதித்த வெளிநாட்டார் இருந்தார்கள். சொந்த நாட்டில் சொந்தச் சரக்கை விற்க அன்னியன் பெயர் வேண்டியிருந்தது என்பதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கப்பல் கம்பெனிகள் கதையும் இதேதான். யாங்சி ஆற்றில் ரஸல் என்ற அமெரிக்கக் கம்பெனியும், ஸ்வயர், ஜார்டின் என்ற பிரிட்டிஷ் கம்பெனிகளும் நீராவிக் கப்பல் விட்டன. சீனரும் சும்மா இருக்கவில்லை. லீ ஹோங்ஜாங் என்ற சீன உயர் அதிகாரியின் முயற்சியால் 1872-இல் சீன வணிகர் நீராவிக் கப்பல் கம்பெனி தொடங்கி, 1877-இல் ரஸலின் கப்பல்களை எல்லாம் விலைக்கு வாங்கிவிட்டார்கள். இதைப் பெருமையோடு சொல்கிறேன். போட்டி என்றால் இதுதான் போட்டி. சொந்த முதலைப் போட்டு, சொந்த அரசு பின்னால் நின்று செய்தது. ஆனால் அதற்குப் பிறகு மிஞ்சிய பெரிய கம்பெனிகள் கட்டணத்தையும் பங்கையும் பேசி வைத்துக்கொண்டன. ஏற்றி அனுப்புகிற சின்ன வியாபாரிக்குக் கப்பல் வாடகை குறைந்த காலம் முடிந்துபோனது. கப்பல் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. கொடிகள் வேறு வேறாக இருக்கும், வாடகைப் பட்டியல் ஒன்றாக இருக்கும்.

1884-இல் பிரான்ஸ் வியட்நாம் விஷயமாகச் சீனத்தோடு சண்டைக்கு வந்தது. அப்போது இந்தச் சீனக் கம்பெனி தன் கப்பல்களைக் காப்பாற்ற, பெயரளவில் அதே ரஸலுக்கு விற்று அமெரிக்கக் கொடி ஏற்றிக்கொண்டது. சண்டை முடிந்த பிறகு 1885-இல் திரும்ப வாங்கியது. தன் ஆற்றில், தன் கடலில், தன் கப்பல் ஓட இன்னொருவன் கொடி.

அந்தப் போரில் ஃபூச்சோவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே மின் ஆற்றின் கரையில் மாவெய் என்ற இடத்தில் சீனத்தின் நவீனக் கப்பல் கட்டும் தளம் இருந்தது. 1866 முதல் அதைத் திட்டமிட்டு, பொறியாளர்களை அழைத்து வந்து, சீன இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் புரோஸ்பெர் ஜிகெல் என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. பிரெஞ்சுத் தொழில்நுட்பம் சீனத்துக்குக் கிடைத்தது போட்டியின் நல்ல பக்கம் என்று வைத்துக்கொள்வோம். 1884 ஆகஸ்ட் 23 அன்று அதே ஆற்றுக்குள், ஒப்பந்தத் துறைமுகம் என்ற உரிமையோடு ஏற்கெனவே வந்து நங்கூரம் போட்டிருந்த கூர்பே தளபதியின் பிரெஞ்சுக் கப்பல்கள் சுடத் தொடங்கின. அரை மணி நேரத்துக்குள் ஃபூச்சோ கடற்படை முடிந்தது. அந்தத் தளத்தில் கட்டிய கப்பல்களும் எரிந்தன, மறுநாள் தளத்தின் மேலும் குண்டு விழுந்தது. பிரிட்டிஷ், அமெரிக்கப் போர்க்கப்பல்கள் அதே ஆற்றில் நின்று பார்த்தன. பிரான்சுக்குப் போட்டியாளர்கள்தானே அவர்கள்? ஒருவர்கூட குறுக்கே வரவில்லை.

அடுத்தது 1895-இலிருந்து 1898 வரை. வேகமாகச் சொல்லிவிடுகிறேன், பள்ளிப் புத்தகத்திலும் கொஞ்சம் இருக்கும். சீனத்தின் வடகிழக்கே இருக்கும் லியாவ்தோங் தீபகற்பத்தை ஜப்பான் எடுத்துக்கொண்டபோது ரஷ்யா, ஜெர்மனி, பிரான்ஸ் மூன்றும் சேர்ந்து மிரட்டித் திருப்பிக் கொடுக்க வைத்தன. சீனத்துக்கு உதவி என்று பெயர். அதற்கும் ஜப்பானுக்குக் கூடுதலாக 3 கோடி டேல் (சீன எடை அளவு) வெள்ளி சீனம்தான் கட்டியது. 1897 நவம்பரில் ஜெர்மனி தன் பாதிரிமார் இருவர் கொலையைக் காரணம் காட்டி ஜியாவ்ஜோ விரிகுடாவில் படை இறக்கி, மார்ச்சில் 99 ஆண்டுக் குத்தகை எழுதி வாங்கியது. அதே மார்ச்சில், ஜப்பானிடமிருந்து மீட்டுக்கொடுத்த அதே தீபகற்பத்தின் முனையில் போர்ட் ஆர்தரை ரஷ்யா எடுத்துக்கொண்டது. பிரான்ஸ் தெற்கே குவாங்சோவானில் கொடி ஏற்றியது. ரஷ்யா போர்ட் ஆர்தரில் இருக்கும்வரை நாங்கள் வெய்ஹாய்வெய்யில் இருப்போம் என்று பிரிட்டன் எழுதி வாங்கியது. ஒருவரை ஒருவர் அடக்கி வைப்பது என்பதன் நடைமுறைப் பொருள் இதுதான். அவன் ஒரு துறைமுகம் எடுத்தால் சமநிலைக்கு நானும் ஒன்று எடுப்பேன்.

இதெல்லாம் எங்கோ சீனத்தில் நடந்தது, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் என்ன என்று யாராவது கேட்கலாம். எங்களுக்குத் தெரியாத போட்டியா இது? 1690-இல் தேவனாம்பட்டினம் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழும் தூரத்துக்குள் இருக்கும் ஊரெல்லாம் கம்பெனிக்கு என்று பேச்சு. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமம் என்றே பெயர் வந்தது. குடியிருந்தவனை யாரும் கேட்கவில்லை. 20 கிலோமீட்டர் சொச்சத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து தேவனாம்பட்டினம் கோட்டையைப் பிடித்து இடித்தார். 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1783 ஜூனில் கடலூருக்கு எதிரே கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் மோதியபோது, ஐரோப்பாவில் இரு நாடுகளும் சமாதானம் பேசி மாதக்கணக்கு ஆகியிருந்தது. செய்தி வந்து சேரவில்லை, அதனால் இங்கே ஆட்கள் செத்தார்கள். இந்த நீண்ட போட்டியில் நெசவாளிக்கு நல்ல விலை கிடைத்ததா, உழவனுக்கு வரி குறைந்ததா? நம் கரையில் அடித்துக்கொண்டார்கள், சீனத்தின் கரையில் பங்கு போடக் கற்றுக்கொண்டார்கள். இரண்டிலும் வீட்டுக்காரனுக்கு ஒன்றும் வரவில்லை.

பங்கு போடும் கலையும் இங்கே தொடங்கிவிட்டது. 1815 மார்ச்சில் பிரிட்டனும் பிரான்சும் ஓர் உடன்படிக்கை செய்தன. புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளில் விளையும் உப்பில் உள்ளூர்த் தேவை போக மீதியைக் கம்பெனிக்கே விற்க வேண்டும். ஈடாகப் பிரான்சுக்கு ஆண்டுக்கு அந்நாளைய சிக்கா ரூபாயில் 4 லட்சம். அதோடு 300 பெட்டி அபினியைக் கல்கத்தா ஏலத்தின் சராசரி விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை. உப்பளத்தில் கால் வெந்து உழைத்தவனுக்கு அந்தப் பேச்சில் இடமில்லை. அவன் உப்பை வைத்துப் பெற்ற சலுகையில் சீனனைக் கெடுத்த அபினி இருந்தது.

அபினிப் போரில் சண்டையிடப் போனவர்களிலும் நம் ஆட்கள் இருந்தார்கள். 1841 மே மாதக் கடைசியில் கான்டனுக்கு வடக்கே சான்யுவான்லி கிராமத்து வயல்களில், மெட்ராஸ் 37-ஆம் காலாட்படையின் ஒரு பிரிவு, சுமார் 60 பேர், கொட்டும் மழையில் மற்றவர்களிடமிருந்து பிரிந்துபோனது. மருந்து நனைந்து துப்பாக்கி வெடிக்கவில்லை. ஆயிரக்கணக்கான கிராமத்தார் ஈட்டியும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு சூழ்ந்தார்கள். இவர்கள் சதுரமாக நின்று துப்பாக்கிமுனைக் கத்தியால் தடுத்துக்கொண்டே நின்றார்கள். மழையிலும் வெடிக்கும் புதுவகைத் துப்பாக்கியோடு கடற்படைச் சிப்பாய்கள் தேடி வந்து இரவில் மீட்டார்கள். அந்த வயலில் நின்ற சிப்பாய்க்கும் ஈட்டி பிடித்த விவசாயிக்கும் என்ன பகை? இருவர் ஊரையும் ஒரே கம்பெனி பிடித்திருந்தது, அல்லது பிடிக்க வந்திருந்தது. சீனத்தில் சான்யுவான்லியை இன்றைக்கும் பள்ளியில் படிக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்தப் படையின் பெயர்கூடத் தெரியாது.

புதுச்சேரியில் கிளை வைத்து ரூபாய் நோட்டு அச்சடித்த இந்தோசீன வங்கியைப் பழைய ஆட்களுக்குத் தெரியும். 1875-இல் பாரிஸில் தொடங்கியது. பிறகு ஹாங்காங், ஷாங்காய் என்று பரவி, சீனத்தில் பிரெஞ்சு அரசின் பணப்பெட்டியாகவே ஆனது. 1913 ஏப்ரலில், புதிதாகப் பிறந்த சீனக் குடியரசுக்கு 2 கோடியே 50 லட்சம் பிரிட்டிஷ் பவுன் கடன் கொடுத்த ஐந்து நாட்டு வங்கிக் கூட்டில் அதுவும் ஒன்று. பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, ரஷ்யா, ஜப்பான் ஐந்தும் ஒரே மேசையில் உட்கார்ந்து கையெழுத்திட்டன. நூற்றுக்கு 84 வீதம்தான் சீனத்தின் கைக்கு வந்தது, வட்டி மட்டும் நூற்றுக்கும். ஈடாக வைத்தது உப்பு வரி. அந்த வரியை நிர்வகிக்க இந்தியாவில் உப்பு வரித் துறையை நடத்திய சர் ரிச்சர்ட் டேனை அழைத்துக்கொண்டு போனார்கள். நம் உப்பளங்களில் பழகிய கை, சீனத்து உப்பின் மேல் போய் விழுந்தது. கையெழுத்திட்ட ஐந்து நாடுகளில் ஜெர்மனி ஒரு பக்கமும் மற்ற நான்கும் எதிர்ப்பக்கமுமாக உலகப் போர் வெடித்தது அடுத்த ஆண்டு ஆகஸ்டில். ஒருவரை ஒருவர் கொல்லத் தயாராக இருந்தவர்களுக்குச் சீனத்தின் உப்பு வரி விஷயத்தில் மட்டும் கருத்து வேறுபாடு வரவில்லை.

கட்டுரையாளர் பக்கத்தில் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஷாங்காய் வளர்ந்தது உண்மை. வங்கி, அச்சகம், மின்விளக்கு, ஆலை எல்லாம் வந்தது. சீனத் தொழிலதிபர்கள் பலர் அங்கேதான் எழுந்தார்கள். பேரரசர் ஆட்சியை எதிர்த்துப் பத்திரிகை நடத்தியவர்களுக்கு வெளிநாட்டார் நிர்வாகத்தில் இருந்த குடியிருப்புகள் புகலிடமாகவும் இருந்தன. ஆனால் அதே நாடுகள் 1858 முதல் ஜப்பான் மேலும் அதே மாதிரி ஒப்பந்தங்களைச் சுமத்தியிருந்தன. அங்கேயும் கான்சல் நீதிமன்றம், அங்கேயும் கட்டிப்போட்ட தீர்வை. ஜப்பானியர் தங்கள் சட்டத்தை எழுதி, நீதிமன்றத்தை ஒழுங்குபடுத்தி, ஒவ்வொரு நாட்டோடும் விடாமல் பேசி, 1899-இல் கான்சல் நீதிமன்றங்களை ஒழித்தார்கள். 1911-இல் தீர்வை உரிமையை முழுதாக மீட்டார்கள். போட்டியாளர்கள் இரண்டு இடத்திலும் அவர்களேதான். வீட்டுக்காரன் பிடி ஓரிடத்தில் இருந்தது, இன்னோரிடத்தில் இல்லை.

சீனத்துக்கு விடிவு வந்ததும் போட்டியாளர்கள் புண்ணியத்தில் அல்ல. 1925 மே 30 அன்று ஷாங்காய் நான்கிங் சாலையில் பிரிட்டிஷ் அதிகாரி உத்தரவில் காவலர்கள் கூட்டத்தைச் சுட்டார்கள். சுட்டவர்களில் சீனக் காவலரும் சீக்கியக் காவலரும் இருந்தார்கள். அதற்குப் பிறகு ஊர் ஊராக வேலைநிறுத்தம், பகிஷ்கரிப்பு. ஹாங்காங் துறைமுகமே மாதக்கணக்கில் முடங்கியது. 1927-இல் ஹான்கோவில் மக்கள் கூட்டம் பிரிட்டிஷ் குடியிருப்புக்குள் நுழைந்தது, பிரிட்டன் அதைத் திருப்பிக் கொடுத்தது. 1943 ஜனவரியில் பிரிட்டனும் அமெரிக்காவும் தங்கள் தனி நீதிமன்ற உரிமையைக் கைவிட்டன. குஷிங் எழுதி வைத்ததற்குக் கிட்டத்தட்ட நூறு ஆண்டு கழித்து.

வெளிநாட்டு முதலீடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் முகத்துவாரத்தில் மணல் தூர்ந்து தோணி தட்டி நின்ற நாள்களை நான் பார்த்திருக்கிறேன். பணம் வரட்டும், தூர்வாரும் இயந்திரம் வரட்டும். உங்கள் நாளிதழிடம் நான் கேட்பது வேறு. தமிழகக் கடற்கரையிலோ புதுச்சேரியிலோ எந்தத் துறைமுகத்தைப் பற்றி ஒப்பந்தம் வந்தாலும், எத்தனை கோடி, எத்தனை நாட்டுக் கம்பெனி என்பதோடு செய்தியை நிறுத்திவிடாதீர்கள். கப்பல் கட்டணத்தையும் சரக்குக் கட்டணத்தையும் மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். தகராறு வந்தால் நம் நீதிமன்றத்திலா, சிங்கப்பூரிலோ லண்டனிலோ போய் வாதாட வேண்டுமா என்று எழுதுங்கள். ஒரு கம்பெனிக்குக் கொடுத்த சலுகையை மற்றவர்களும் கேட்டு வாங்கும் சரத்து உள்ளே இருக்கிறதா, குத்தகை எத்தனை ஆண்டு, நடுவில் திருத்தும் உரிமை யாருக்கு, மீனவர் தோணி போகும் வழி எழுத்தில் இருக்கிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒப்பந்தத்தின் அந்தப் பக்கங்களைத் தமிழில் அச்சிட்டால் முதுநகரில் தேநீர்க் கடையில் உட்கார்ந்து படித்துப் புரிந்துகொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். சரக்குக் கணக்கு பார்த்தே வயதானவர்கள் எங்களில் பலர்.

ஹாங்காங் பற்றிய பிழையையும் வரும் ஞாயிறு இணைப்பிலேயே திருத்தி வெளியிடுங்கள். எங்கள் தெருவில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் அந்தக் கட்டுரையை வெட்டி எடுத்து வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிளியரிங் அலுவலகக் கணக்கர்,
கடலூர் முதுநகர்.